வலது காலுக்கு அரை இஞ்சு கூட

முதல் அறிகுறியை நான்தான் டேப் வைத்து அளந்தேன். அளந்துவிட்டுச் சந்தோஷமும் பட்டேன். இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். மற்றதையெல்லாம் ஆஸ்பத்திரியில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். என் மகள் சௌமியா அப்போது பத்தாம் வகுப்பு. நன்றாக ஓடுவாள். மற்ற பள்ளிகளில் ஆயிரத்தைந்நூறு மீட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளுடைய உயர்நிலைப் பள்ளியில் மட்டும் பழைய பழக்கமாக ஒரு மைல் ஓட்டம். மைதானத்தை எட்டுச் சுற்று, அதற்கு மேல் முப்பதடி. சாதனை வைத்திருக்கிற பெண்ணின் பெயரும் நேரமும் ஆபீஸ் வாசல் பலகையில் பெயிண்டில் இருக்கும்.

ஜூன் மாதம் வலது முட்டி வலிக்கிறது என்றாள். ஓடுகிற பிள்ளைக்கு முட்டி வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்றேன். காலருக்குப் போடுகிற ரிப் துணி கம்பெனியில் மிச்சம் கிடந்தது. அதில் எலாஸ்டிக் வைத்து இரண்டு காலுக்கும் இறுக்கமாக முட்டிப்பட்டை தைத்துக் கொடுத்தேன். முட்டிக்கு மேலே சுற்றளவு இரண்டு காலும் பதினாலு இஞ்சு.

தீபாவளி சமயத்தில் வலது பட்டை பிடிக்கிறது என்றாள். அளந்தேன். பதினாலரை. இடது அதே பதினாலு. பிரித்து அரை இஞ்சு விட்டுத் தைத்தேன். வளைவில் வலது கால்தானே தள்ளுகிறது, சதை போட்டிருக்கிறது என்று அவள் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிற மனுஷன், நான் சொன்னதை நம்பினார். தூக்கத்தில் வலியோடு முனகுவாள், தைலம் தேய்த்துவிடுவேன். பொங்கலுக்கு முன்னால் பதினஞ்சேகால். அதையும் பிரித்துத் தைத்தேன். பிரித்த இடம் தெரியாதபடி தைத்தேன், கைவேலையில் எனக்கு அவ்வளவு திமிர்.

அந்த வாரம்தான் விளையாட்டு விழா. சௌமியா ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடியில் ஓடி முடித்தாள். பழைய சாதனையைவிடப் பதினொரு நொடி குறைவு. பழைய சாதனைக்காரி இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். அந்தப் பள்ளியில் அது வழக்கம். சாதனை வைத்திருப்பவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். சாதனை போனால், இழந்தவர்தான் முதலில் கை கொடுக்க வேண்டும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கை கொடுத்தாள். சௌமியா வலது காலை ஊன்றாமல் நின்று அந்தக் கையைப் பிடித்தாள். நான் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் படியில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்தவர் உடனே கோயம்புத்தூர் போகச் சொன்னார். அங்கே பயாப்சி (கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது). பத்து நாளில் பெயர் வந்தது: ஆஸ்டியோசார்கோமா (எலும்பிலேயே முளைக்கிற புற்றுநோய், வளர்கிற வயதில், முட்டியை ஒட்டித்தான் அதிகம் வருமாம்). வீக்கம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"ஜூன்ல பதினாலுங்க சார். தீபாவளிக்குப் பதினாலரை. பொங்கலுக்குப் பதினஞ்சேகால்."

அவர் பேனாவை நிறுத்தினார். இத்தனை கணக்காக யாரும் சொன்னதில்லையே, எப்படித் தெரியும் என்றார். நான் தைக்கிறவள் என்றேன். மூன்றையும் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. ஓடியதால் வந்ததல்ல என்று பிறகு சொன்னார். ஜூனிலேயே வந்திருந்தால் என்று நான் கேட்டபோது அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

உங்கள் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், படுத்தாலும் வலி விடவில்லை என்றால், பட்டை தைக்காதீர்கள். எக்ஸ்ரே படம் எடுங்கள். இதற்கு மேல் எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது.

கீமோ (நரம்பில் ஏற்றுகிற புற்றுநோய் மருந்து) முதலில். பிறகு பாதித் தொடையோடு காலை எடுத்தார்கள். பிறகு மறுபடி கீமோ. இல்லாத குதிகால் அரிக்கிறது என்பாள். அப்படித்தான் இருக்கும், மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை என்றார் நர்ஸ். நான் வெறும் மெத்தையைச் சொறிந்துவிட்டேன். நின்றுவிட்டது என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ.

டிசம்பர் ஸ்கேனில் மெட்டாஸ்டாசிஸ் (புற்று வேறு இடத்துக்குப் போய் உட்கார்வது). இரண்டு நுரையீரலிலும். அறுத்து எடுக்கிற எண்ணிக்கையில் இல்லை என்றார் டாக்டர். சௌமியாவும் பக்கத்தில்தான் இருந்தாள்.

ஜனவரியில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு பிங்கியுடையது, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏழாவது சுற்று வரைக்கும் சௌமியாவின் நேரத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் விழுந்து தொலையட்டும் என்று முருகனிடம் வேண்டினேன். ஆமாம், வேண்டினேன். என் பிள்ளைக்குப் பலகையில் பெயராவது மிஞ்சட்டும் என்று வயிறு எரிந்தது. பிங்கி மூன்று நொடி பிந்திவிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆட்டோவில் சௌமியா அழுதாள்.

"உன்ற பேரு நிக்குதே கண்ணு, எதுக்கு அழுவறே?"

"நான் இருக்கறப்பவே ஒடச்சா நானே கை குடுப்பேன்மா. அப்புறமா ஒடச்சா அவளுக்கு யாரு கை குடுப்பா?"

அதிலிருந்து தினம் சாயங்காலம் பிங்கியை ஓடவிடுகிறாள். லைன் வீடுகளைச் சுற்றி எத்தனை அடி, ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று என் டேப்பால்தான் அளந்து கோடு போட்டேன். சௌமியா வாசலில் உட்கார்ந்து போனில் நேரம் பார்ப்பாள். மார்ஃபின் (வலியை மட்டும் அடக்கும், நோயை ஒன்றும் செய்யாது) குடித்த பிறகு கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பாள், அந்த நேரம் பிங்கிக்குத்தான். போன வாரம் இடது முட்டிப்பட்டை நழுவுகிறது, பிடித்துக் கொடு என்றாள். இன்னும் எதற்கு அது என்று நான் கேட்கவில்லை. அளந்தேன். பதினொன்று.

பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. பிங்கிக்கு வருகிற ஜனவரிதான் கடைசி ஓட்டம். இது ஜூன். டாக்டர் எனக்கு மட்டும் சொன்ன கணக்கு மூன்று மாதம். பி.டி. மேடத்திடம் போய், ஓட்டத்தை முன்னாலேயே வைக்க முடியுமா என்று கேட்டேன். வைக்கலாங்க, ஆனால் விழாவில் ஓடாதது பலகையில் ஏறாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சௌமியாவிடம் சொன்னேன்.

"பலகைல ஏறாததுக்கு நான் கை குடுக்க மாட்டேன்மா," என்றாள்.

என் வேண்டுதலை இப்போது மாற்றிக்கொண்டுவிட்டேன். பிங்கிக்கு நொடி குறைய வேண்டும், என் பிள்ளைக்கு மாதம் கூட வேண்டும். ஒரே சாமியிடம் இரண்டையும் கேட்கிறேன். முதலாவது நடக்கும்போலத் தெரிகிறது. நேற்று பிங்கி சாதனைக்கு ஒரு நொடி வரைக்கும் நெருங்கிவிட்டாள். சௌமியாவால் வாசலுக்கு வர முடியவில்லை. நான் கோட்டின் மேல் நின்று, பிங்கி தாண்டியதும் குரல் கொடுத்தேன். அவள் கட்டிலில் படுத்தபடியே ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.