மாமியார் முகம் போட்ட ஊறுகாய்

உனக்கு எதற்கு இந்தக் கதை? ஊறுகாய் வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. பக்கத்துக் கடைக்காரி என்னைப் பார்த்தால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று துருவித் துருவிக் கேட்கிறாய். உன் மாமியாரிடம் இவ்வளவு அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டிருப்பாயா? சரி, கேட்டுத் தொலை.

அவள் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. ரிங்லெட் டவுனுக்கு மேலே, தேயிலை மலை தொடங்குகிற வளைவில் எங்கள் இரண்டு கடைகளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்களுக்குள் ஒட்டாது, கடைகள் மட்டும்தான் ஒட்டும். இருவருமே விற்பது எலுமிச்சை ஊறுகாய். அதே போத்தல், அதே சிவப்பு மூடி.

மேலே தோட்டத்தில் சுற்றுலாக்காரர்கள் டீ குடிக்கிற கடை இருக்கிறது. அதன் மேனேஜரம்மா ஒருநாள் காரை நிறுத்தி, இரண்டு போத்தல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது யாரோடதுன்னே தெரியலையேம்மா. ஒரு லேபிள், ஒரு அடையாளம் வேணும்லா. அடுத்த வாரம் வர்றேன். ஒருத்தரோடதுதான் எடுப்பேன்."

மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் ஈகூட நிற்காது. அந்தக் கடை எடுத்துக்கொண்டால் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். ஒருத்திக்கு அடுப்பு, இன்னொருத்திக்கு வயிறு.

நான் டவுனுக்குப் போய் என் முகத்தையே படம் எடுத்து லேபிள் அடித்தேன். படக்காரன் சிரிக்கச் சொன்னான். ஊறுகாய்க்காரி எதற்குச் சிரிக்க வேண்டும்? முறைத்தேன்.

இரண்டு நாளில் அவளும் லேபிள் ஒட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தால், படத்தில் எங்கள் மாமியார். கீழே 'மாமியார் கைப்பக்குவம்' என்று எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பொம்பளை சோற்றைக்கூடக் கருகாமல் வடித்ததில்லை. அகப்பையை எங்கள் மேல் எறிவதில்தான் கை பக்குவமாக இருந்தது. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது கழுவித் துடைத்தவள் நான். இவள் குடை பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஏன்க்கா, அவங்களுக்கு ஒருவாய் கஞ்சி ஊத்தாதவ நீ. இப்ப மூஞ்சி மட்டும் வேணுமா?"

"மூத்த மருமவ நான். படம் என் வீட்டுலதான் இருக்கு. நீ ஒன் போத்தலத் தொடச்சிக்கிட்டுக் கெட."

"மாலையோட அடிச்சிருக்கியே."

"செத்தவங்க படத்துலருந்து மாலையக் கழட்டுவாங்களா, அறிவு கெட்டவளே."

அவள் சாமி அறையில் மாட்டியிருந்த படம் அது. நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. கழற்றினால் பாவம் என்று அப்படியே போனில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். நான் போய் ஊதுபத்தியும் சூடமும் வாங்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அவள் கடைக்குப் போனேன். அடுக்கியிருந்த போத்தல்களுக்கு முன்னால் வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தி, சூடம் ஏற்றினேன்.

"என்னடி பண்ற?"

"மாமியாரக் கும்பிடுறேன். கூடாதுன்னா சத்தமாச் சொல்லு, நாலு பேரு கேக்கட்டும்."

எப்படிச் சொல்வாள்? பல்லைக் கடித்தாள். தினமும் ஏற்றினேன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரிக்காரர்கள் இறங்கி வருவார்கள். புகையையும் மாலையையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவார்கள். "யாரு தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார்கள். ஒருநாள் அவள் சூடத்தில் தண்ணீர் ஊற்றினாள். மாமியார் மேல் தண்ணி ஊத்துறா என்று தோட்டத்து லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்தேன்.

சொன்னபடி மேனேஜரம்மா வந்தார். ஊதுபத்தியைப் பார்த்ததும் ஈர ரோட்டிலேயே செருப்பைக் கழற்றி, போத்தல்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எப்பம்மா ஆச்சு? ஒரு வார்த்த சொல்லலையே."

"அவங்க செத்துப் பல வருசம் ஆச்சுங்க. இது லேபிளு" என்றாள் மூத்தவள்.

அந்தம்மா கைகளை மெல்ல இறக்கினார்.

"மாலை போட்ட படத்த எப்படிம்மா சாப்பாட்டு மேசையில வைக்கிறது?"

பிறகு என் போத்தலை எடுத்தார். நான் லேபிளில் முறைத்தேன், நேரிலும் முறைத்தேன்.

"கோவக்காரங்கதான். ஆனா உசுரோட இருக்காங்க" என்று சொல்லி, என் பெட்டிகளைக் காரில் ஏற்றச் சொன்னார்.

மூத்தவள் என் கடை வாசலில் காறித் துப்பினாள். "நீ வெளங்கவே மாட்ட."

"வெளங்கிட்டேன்க்கா. கார்ல போவுது பாரு."

அன்றோடு பேச்சு நின்றது.

சாயங்காலம் லயத்துப் பொம்பளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள், சொந்த ஓரகத்திக்கு இப்படியா செய்வது என்று.

"நான் என்னம்மா செஞ்சேன், கும்பிட்டேன். பாவம் அவதான். விக்காத லேபிளு வீட்டுல கட்டுக் கட்டாக் கெடக்காம். ஒத்த மாமியார வச்சிக்கிட்டே நமக்குத் தூக்கம் வரல. அத்தன மாமியாரோட அவ எப்படித்தான் படுக்கிறாளோ."