டீ ஆர்டர் போட்ட ஜட்ஜ் ஐயா

எங்கள் ஊர் கோர்ட்டில் முன்பு இருந்த ஜட்ஜ் ஐயா போன மார்கழியில் காலமானார். ரிட்டையர் ஆன பிறகும் சொந்த ஊருக்குப் போகாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அவரிடம் கேஸில் தோற்றவர்கள்கூட அந்த வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வக்கீல் சங்கத்தில் இரங்கல் கூட்டம். ஜூனியரான என்னையும் பேசச் சொன்னார் சீனியர்.

"ஒங்கக்கா கதைய எடுத்து விடு தம்பி. ஹாலே அழுதுரும்."

அந்தக் கதை இதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன். நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா விவாகரத்து கேட்டு மனுப் போட்டாள். மச்சானுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார். மாதக்கணக்கில் பேசமாட்டார். சோறு வேண்டுமென்றால் தட்டைத் தரையில் தட்டுவார்.

ஐயா விசாரித்தார். "அடிச்சாராம்மா?"

"இல்லைங்கய்யா."

"குடிப்பாரா?"

"இல்லைங்கய்யா. பேசமாட்டாரு."

"ஏம்மா, எங்க வீட்டுல ஒரு நாளாவது பேசாம இருக்க மாட்டாங்களான்னு நான் ஏங்கிக்கிட்டு இருக்கேன்!"

கோர்ட்டே சிரித்தது. அக்காவும் சிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் சாப்பிடவில்லை. "ரெண்டு பேரும் எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்புறம் பாப்போம்."

இதற்கு வக்கீல்கள் வைத்த பெயர் டீ ஆர்டர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் பாதிக் குடும்பக் கேஸ் அதிலேயே முடிந்துவிடும். மாமியாரும் பெரியப்பாவும் வக்கீல் குமாஸ்தாக்களும் சுற்றி நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் புருஷன் பெண்டாட்டிதான் சண்டை போடுவார்கள்? மச்சான் கிளாஸைப் பார்த்து "சீனி கம்மி" என்றார். கூடப் போன கோர்ட் டவாலி உள்ளே ஓடிவந்து, "பேசிட்டாருங்கய்யா!" என்று அறிவித்துவிட்டார். மச்சான் பேசியது டீ மாஸ்டரிடம். அக்கா மனுவை வாபஸ் வாங்கினாள்.

ஒரு பிள்ளையும் பிறந்தது. அதற்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது என்று அக்காவே சொன்னாள். காதுகுத்துக்கு ஐயா வந்தார். என் மடியில் கதறிக்கொண்டிருந்த பிள்ளையை வாங்கித் தூக்கிக் காட்டி, "நான் எழுதுனதுலயே நல்ல ஜட்ஜ்மெண்ட் இதுதான்யா!" என்றார். மச்சான் வெட்கப்பட்டுச் சிரித்தார். மறுநாள் ரசத்தில் ஏதோ குறை. ஐந்து மாதம் பேசவில்லை.

கூட்டத்தன்று கறம்பக்குடி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள், கையில் ரோஜா மாலையோடு. இரண்டு பக்கத்துக்கு எழுதிவைத்திருந்த பேச்சை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான்டா எழுதியிருக்க. என்னைய மட்டும் அதுல இழுக்காத."

"ஏன்க்கா?"

"மறுபடி மனுப் போடணும்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க பாத்தாலும் ஜட்ஜய்யா மொகமெல்லாம் பல்லா நின்னு, 'நல்லா இருக்கியாம்மா'ன்னு கேப்பாரு. நீங்க சேத்து வச்சது சேரலைங்கய்யான்னு அவருகிட்டப் போயி எப்புடிச் சொல்றது? உசுரோட இருக்கையில அவரு மனசு நோகக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

புருஷனுக்காக இல்லை, பிள்ளைக்காகக்கூட இல்லை. ஒரு ரிட்டையர்டு ஜட்ஜ் மனசு நோகக் கூடாது என்று என் அக்கா மூன்று வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"இப்ப?"

"இப்பத்தான் போயிட்டாருல்ல. நீ வக்கீலுதானே, எழுது."

கூட்டத்தில் முதலில் பேசியவர் ஐயாவை மலை என்றார். அடுத்தவர் கடல் என்றார். நான் பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்தேன். "ஐயா எங்க அக்காவைச் சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஆளுங்களை எந்த ஆபீஸ்லயும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா அந்தக் கேஸ்ல ஐயா தப்புப் பண்ணிட்டாங்க."

சீனியர் என்னை எரிப்பதுபோலப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரு வயதான வக்கீல், "என் கேஸ்லயும்தான்யா!" என்றார். "எனக்கு ரெண்டு கேஸ்ல!" என்றார் இன்னொருவர். படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருக்க, ஹாலே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஐயாவின் மகனும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே மனுவை டைப் அடித்துவிட்டேன். அக்கா வாங்கவில்லை.

"பதினாறு முடியட்டும்டா. அதுக்குள்ள போட்டா நல்லா இருக்காது."

காரியத்தன்று ஐயா வீட்டில் காய் நறுக்கினாள், பந்தியில் பரிமாறினாள், கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் காலையில் நான் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே வந்து கோர்ட் படியில் நின்றிருந்தாள்.

"எங்கிட்டுப் போடணும் கையெழுத்து?"

நான்கு இடங்களைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி, அவசரமில்லாமல், நான்கிலும் போட்டாள்.