ஜெசிந்தா அக்காவின் இடது உள்ளங்கை

உள்ளங்கையில் எழுதுவது என் தொழில்; எழுதிய அடுத்த நொடியே அழிந்துவிடுவதால் யாரும் பிழை பிடிக்க முடியாத தொழில் என்று சேரும்போது நினைத்திருந்தேன்.

ஜெசிந்தா அக்காவுக்குக் காது கேட்காது, கண்ணும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு அருகே மண்டைதீவில் மீன்பிடிக் குடும்பம். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. கண் மெல்ல மெல்ல மங்கி, இருபத்தைந்து வயதுக்குள் முழுதாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்திருந்ததால், இடது உள்ளங்கையில் விரலால் எழுதினால் வாசித்துவிடுவார். பதிலை வாயாலேயே சொல்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் உரத்துத்தான் சொல்வார். தன்னைப் போன்றவர்களைப் பின்னறைகளிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று எங்கள் தீவுகளில் வீடு வீடாகக் கிளம்பிய முதல் ஆள் அவர்தான். அவர் கையில் எழுதுவதற்குச் சுருவில் ஊரிலிருந்து சம்பளத்துக்கு வந்தவள் நான். பத்து வருடம் எழுதினேன்.

இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவரிடம் கொண்டுபோனவர்கள் எல்லோரும், மாமிக்கும் மனுசனுக்கும் இடையில் அகப்பட்ட மருமகள்மார் உட்பட, என் பாட்டை விளங்கிக்கொள்வீர்கள்.

ஒரு கோடு மட்டும்

முதல் வாரமே ஓர் அலுவலகத்துக்குப் படிவம் நிரப்பப் போனோம். காது கேளாதோருக்கு ஒரு கட்டம், பார்வையற்றோருக்கு ஒரு கட்டம், ஏதாவது ஒன்றில் மட்டும் கோடு போடவும் என்று கீழே குறிப்பு. உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் அக்காவின் வயதை என்னிடம் கேட்டார், சுகத்தை என்னிடம் கேட்டார், குடிக்க ஏதும் வேண்டுமா என்பதையும் என்னிடமே கேட்டார். எல்லாவற்றையும் கையில் எழுதினேன். தேநீருக்கு மட்டும் அக்கா ஓம் என்றார்.

பிறகு பேனையை வாங்கி, கட்டங்கள் எங்கே என்று என் விரலால் காட்டச் சொல்லி, இரண்டிலும் கோடு போட்டார். உத்தியோகத்தர் பெருமூச்சு விட்டார். "ரெண்டிலையும் போட்டால், ஆரோ பிழையா நிரப்பினதெண்டு மேலிடத்திலை திருப்பி அனுப்பிப்போடுவினம், மிஸ்."

அவர் சொன்னபடியே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்ற அக்காவின் சண்டை அன்றைக்குத் தொடங்கியது. அதன் முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

கைதட்டல்

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் அக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். தீவுகளின் பின்னறைகளைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். முன்வரிசைக்காரர் பாதிப்பேர் தொலைபேசிக்குள் தலையை விட்டிருந்தார்கள். மற்றப் பாதிப்பேர் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்கள். பேச்சு முடிந்ததும் நாலு பேர் தட்டினார்கள். நான் "எல்லோரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள்" என்று எழுதிவிட்டேன்.

அக்கா மேடையில் எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். மரப்பலகை மேடை. ஒரு மண்டபம் எழுந்து நின்றால் அது காலுக்குத் தெரியாமல் போகுமா? அக்கா பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னார், தரிப்பிடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் குரலில். "நடக்கிறதை எழுதும், வதனி. எனக்கு எது தாங்கும், எது தாங்காது எண்டு நீர் முடிவெடுக்காதையும்."

போன பிறப்பு

அதற்குப் பிறகு எதையும் விடாமல் எழுதினேன். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் எதிரே இருந்த ஒருவர், அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டி, போன பிறப்பில் என்ன பாவம் செய்ததோ என்றார். அதையும் எழுதினேன். படகு ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே எட்டிச் சத்தியெடுக்கத் தொடங்கினார். அதையும் எழுதினேன்.

அக்கா தன் பையைத் துழாவி ஒரு தேசிக்காயை எடுத்து நீட்டினார். "இதை மணக்கச் சொல்லும். இந்தப் பிறப்புக்குக் காணும்."

பின்னறை

அந்தப் பயணம் சுபாவைப் பார்க்க. பத்தொன்பது வயது, பிறந்ததிலிருந்தே காதும் இல்லை, கண்ணும் இல்லை. கல்வேலிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. தாய்க்காரி தனி ஆள், நெஞ்சு வருத்தக்காரி. பிள்ளை கிணற்றுப் பக்கம் போய்விடும் என்ற பயத்தில் அதன் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை யன்னல் கம்பியில் முடிந்திருந்தார். எங்களுக்குக் காட்ட வெட்கப்பட்டு அதை அவசரமாக அவிழ்த்தார்.

அக்கா நிலத்தில் அமர்ந்து, சுபாவின் மணிக்கட்டில் விரலால் ஒரு வட்டம் வரைந்துவிட்டு அதன் வாயில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்தார். திரும்ப வட்டம், திரும்பப் பனங்கட்டி. ஒரு மணித்தியாலம் இதே வேலை. பனங்கட்டி முடிகிற நேரத்தில் சுபா அக்காவின் கையை இழுத்துப் பிடித்து, மணிக்கட்டில் தானே ஒரு வட்டம் போட்டது. பத்தொன்பது வருடத்தில் அந்தப் பிள்ளை கேட்ட முதல் சாமான் அது. அக்கா சிரித்துக்கொண்டே அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் தாய் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். தான் விழுந்தால் பிள்ளைக்கு ஆள் இல்லை, தெற்கில் ஏதோ ஒரு விடுதிக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இரண்டு கிழமையில் வந்து கொண்டுபோவார்கள் என்றார். அக்காவுக்குச் சொன்னால் தன் காலில் விழுந்தாவது தடுப்பார், அதைத் தாங்கத் தன்னால் ஏலாது என்றார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். படகுக்கும் நேரமாகிவிட்டது. "அடுத்த மாதம் வரச் சொல்கிறார்" என்று மட்டும் எழுதினேன். படகில் எழுதுவோம் என்று நினைத்தேன், பிறகு வீட்டுக்குப் போய் எழுதுவோம் என்று நினைத்தேன். நாள் போகப் போக எழுதுவது இன்னும் கடினமாகிவிட்டது. அன்றைக்கு வாசலில் தாய் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான். "இதை அவவுக்கு எழுதாதையும், பிள்ளை. இண்டைக்கெண்டாலும் சந்தோசமாப் போகட்டும்."

மடக்கிய கை

கடல் குழம்பியதால் அடுத்த பயணம் ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. அக்கா ஓர் ஓலைக்குட்டான் நிறையப் பனங்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்கச் சுபாவுக்கு அடுத்ததாக எந்த அடையாளம் பழக்கலாம் என்று கதைத்தார். அப்போதாவது நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. விடுதி வாகனம் வராமல் விட்டிருக்கும் என்று ஒரு நப்பாசை.

அறை கூட்டித் துடைத்துக் கிடந்தது. அக்கா சுவரைத் தடவித் தடவிப் போய், ஆணியில் சுற்றித் தொங்கிய கயிற்றைப் பிடித்தார். பிள்ளை எங்கே என்று கேட்டார். தாய் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார், "நான் அண்டைக்கே இவவிட்டைச் சொன்னனானே." நடக்கிறதை எழுதுவதுதானே என் தொழில். என்னைப் பற்றி இன்னொருவர் சொன்ன அந்த வசனத்தை, ஓர் எழுத்தும் விடாமல் அக்காவின் கையில் எழுதினேன். அதைவிடப் பாரமான வசனத்தை நான் எழுதியதில்லை. விடுதியின் விலாசம் தாயிடம் இல்லை, தந்த துண்டைத் தொலைத்துவிட்டார்.

திரும்பும் படகில் அக்கா இரண்டு கைகளையும் மடக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கை மூடினால் நான் ஊமை. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு இடம் இருக்கவில்லை. குறிகட்டுவானில் இறங்கும்போது, படி எங்கே என்று தெரியாததால் அவர் கையை நீட்ட வேண்டி வந்தது. "உம்மை விட்டால் எனக்கு வேறை கை இல்லை. அதாலை நான் உம்மை மன்னிச்சனானோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாமல் போச்சு."

ஆஸ்பத்திரி வாட்டில்

பிறகு மூன்று வருடம் ஒவ்வொரு விடுதியாகக் கடிதம் போட்டுச் சுபாவைத் தேடினோம். ஒரு விடுதி மட்டும் பதில் போட்டது. அப்படி ஒரு பிள்ளை வந்ததாம், வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம். அதற்கிடையில் அக்கா ஆஸ்பத்திரியில் விழுந்தார். இனி நாள்கணக்குத்தான் என்று டாக்டர் என்னிடமும் அவர் தம்பி அன்ரனிடமும் வெளியில் வைத்துச் சொன்னார். வெறும் களைப்பு என்று அக்காவின் கையில் எழுதுங்கள் என்று அன்ரன் என்னைக் கும்பிட்டுக் கேட்டார். அழுத கண்ணோடு தேநீர் வாங்கப் போனார்.

அவர் போனதும் டாக்டர் சொன்னதை முழுதாக எழுதினேன். அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டார். குரலைக் குறைக்கச் சொல்லி நான் மணிக்கட்டை அழுத்துவதற்குள், தேநீரோடு திரும்பி வந்து காலடியில் நின்ற அன்ரனுக்கும் பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். "எனக்குத் தெரியும் எண்டு தம்பிக்குச் சொல்லிப்போடாதையும். அவன் தாங்கமாட்டான்."

மூன்றாவது கட்டம்

அக்காவை அடக்கம் செய்து ஐந்து மாதத்துக்குப் பிறகு, பழைய அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். படிவத்தில் மூன்றாவது கட்டம் வந்துவிட்டது. காதும் கண்ணும் சேர்ந்து இல்லாதவர்களுக்கென்று தனிக் கட்டம். அக்கா விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டிய கட்டம்.

அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிய கொப்பி என்னிடம் இருந்தது. தீவுகளில் அவர் தேடிப் பிடித்தவர்களின் பெயர்கள். கடைசி மாதங்களில் அதைப் புதிதாக எழுதச் சொல்லி, முதல் வரியில் சுபாவைப் போடச் சொல்லியிருந்தார். உத்தியோகத்தர் புதுப் படிவத்தை எடுத்து வைத்து, முதல் பெயரைக் கேட்டார். சொன்னேன். அழகான எழுத்தில் எழுதினார், மூன்றாவது கட்டத்தில் கோடும் போட்டார். அடுத்து விலாச வரிக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விலாசம் இல்லாட்டில் பதிய ஏலாது, மிஸ்."

பத்து வருடம் அக்காவின் கண்ணாகவும் காதாகவும் இருந்தேன் என்று எனக்கும் ஒரு சான்றிதழ் தந்திருக்கிறார்கள், சட்டம் போட்டு அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். நெடுந்தீவில் ஒரு பின்னேரம் மட்டும் நான் கண்ணாகவும் இருக்கவில்லை, காதாகவும் இருக்கவில்லை என்பது அதில் இல்லை.