பெயரில்லாத மிதவை

இது நடந்தது. நம்பாதவர்கள் என் அத்தானிடம் பல் பிடுங்கிக்கொள்ளப் போகலாம். வாயைத் திறப்பதற்கு முன் அவர் கைவிரல்களை எண்ணுங்கள். எட்டுதான் வரும்.

அத்தான் என் அக்காவின் கணவர். வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டர், ஏழாம் நாள் இறால் வேட்டைக்காரர். வேட்டை என்பது மரியாதைக்குச் சொல்வது. கம்பிக் கூண்டுக்குள் ஓட்டை போட்ட டப்பா ஒன்று இருக்கும். அதில் மீன் தலையை வெட்டிப் போட்டு, நூறு மீட்டர் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்க வேண்டும். கயிற்றின் மேல்முனையில் மிதவை. அதில் சொந்தக்காரர் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்தவர் கூண்டைத் தொடக்கூடாது என்பதும் சட்டம். இரண்டு மணி நேரம் கழித்து இழுத்தால் இறால் வரும். அத்தானுக்கு நாலு வாரமாக நண்டுகூட வரவில்லை.

அன்று கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"அவருக்கு நீச்சல் தெரியாது. முழுசாக் கூட்டிட்டு வா."

"பின்ன, பாதியாவா கூட்டிட்டு வருவேன்?" என்றேன்.

என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

மதியம் 2.50. எங்கள் கூண்டுகள் இரண்டும் காலி. மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. நாற்பது அடி தள்ளி ஒரு சிவப்பு மிதவை. அத்தான்தான் முதலில் பார்த்தார். அதில் எழுத்தே இல்லை.

"பேரில்லை மச்சான். அப்ப யாரோடதும் இல்லை."

"அப்ப நம்மளோடதும் இல்லை அத்தான்."

"சட்டக் காலேஜ்ல சீட்டு கிடைக்காதவன் எனக்குச் சட்டம் சொல்லாத. படகைத் திருப்பு."

திருப்பினேன். சுற்றிலும் இருந்த மிதவைகள் எல்லாம் நீரோட்டம் போகும் பக்கம் சாய்ந்திருந்தன. இது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் பக்கம்.

3.05. அத்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பின்னால் நின்று நான் வாங்கிப் போட்டேன். கயிற்றில் துளி பாசி இல்லை. கடலடியில் இருந்து வருகிற கயிறு ஜில்லென்று இருக்க வேண்டும். இது சூடாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் கையில் பிடித்திருந்து விட்டது போல.

"அத்தான், கயிறு சுடுது."

"இழு."

கயிறு வந்துகொண்டே இருந்தது. நூறு மீட்டர்... இருநூறு... படகுக்குள் என் முழங்கால் வரை கயிறு. அங்கே கடலின் ஆழம் தொண்ணூறு மீட்டர்.

3.21. கூண்டு தண்ணீருக்கு மேலே வந்தது. வாய் வரை இறால். அத்தான் சிரித்தே விட்டார். நான் சிரிக்கவில்லை. ஒரு இறால்கூடத் துள்ளவில்லை. எல்லாமே தலையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தன.

இரை டப்பாவைப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன வெள்ளை எலும்புகள். ஒன்றின் முனையில், ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் விரலில் மாட்டும் இரும்புத் தொப்பி.

"அத்தான்... விட்டுடுங்க."

அவர் அந்த நேரத்தில்தான் அதைச் செய்தார். கூண்டைப் படகுக்குள் தூக்க, பிடி நழுவாமலிருக்கக் கயிற்றை வலது கைவிரல்களில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். கூண்டு போடப் போகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது, கயிற்றைக் கையில் சுற்றாதே என்பதுதான்.

படகுக்கு அடியில் ஒரு சத்தம்.

டக்.

டக்... டக்...

கூண்டு கீழே போனது. அத்தானும் கூடவே போனார். முகம் படகின் விளிம்பில் மோதியது. இரண்டு பல் உடைந்து என் காலடியில் விழுந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது.

மீன் தலை வெட்டும் கத்தி கையில் கிடைத்தது. கயிற்றை வெட்டினேன். ஐந்து வெட்டு. ஒரு நூல்கூட அறவில்லை.

இன்னொரு இழுப்பு. அவர் தோள்மூட்டு கழன்ற சத்தம் கேட்டது.

"கயித்தை விடு" என்றார்.

"அத்தான்..."

"ரெண்டு விரல்தான் மாட்டியிருக்கு. அதை வெட்டு."

வெட்டினேன்.

ஒரே வெட்டில் போகவில்லை.

மூன்று.

3.26.

படகில் கிடந்த கயிறு முழுவதும் தானாகச் சரிந்து கடலுக்குள் போனது. கடைசியாக மிதவை. அதுவும் மூழ்கியது.

ஆஸ்பத்திரியிலும் மீன்வள அதிகாரியிடமும் கயிறு அறுத்துவிட்டது என்றே சொன்னோம். அக்கா, கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பதினோரு நாள் கழித்து, காலை 10.20. மீன்வள அதிகாரியிடமிருந்து போன்.

"தம்பி, உங்க மிதவை ஒண்ணு கரை ஒதுங்கியிருக்கு. வந்து எடுத்துக்கங்க."

"எனக்கு மிதவையே கிடையாது சார்."

"பேரும் நம்பரும் எழுதியிருக்கே. அதைப் பார்த்துத்தானே கூப்பிடுறேன்."

போனேன். அதே சிவப்பு மிதவை. என் பெயர். என் நம்பர். ஏழுக்குக் குறுக்கே நான் போடும் கோடு உட்பட, என் கையெழுத்து. அதனோடு ஒதுங்கியிருந்த கூண்டின் இரை டப்பாவை அவர் திறந்தார். ஒரு மோதிர விரல், ஒரு சுண்டு விரல். அக்கா போட்ட மோதிரம் அப்படியே இருந்தது.

விரல்களில் ரத்தம் இன்னும் உறையவில்லை.

அதிகாரி டப்பாவை மெதுவாக மூடினார்.

"மூணு வருஷம் முன்னாடி இதே மிதவை ஒதுங்குச்சு. அப்ப ஒரு தையல் கடைக்காரர் பேர் இருந்துச்சு. அவர் தம்பியும் அதே கடைதான். தம்பிக்கு விரல் போச்சு. கயிறு அறுத்துடுச்சுன்னுதான் அவரும் சொன்னார்."

"இப்ப அவர் எங்க சார்?"

"ஆபீஸ்லதான் மிதவையை வச்சிருந்தோம். பேர் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுது. முழுசா அழிஞ்ச அன்னைக்கு மிதவையும் இல்லை, அவரும் இல்லை."

தினமும் 10.20க்கு அவருக்குப் போன் செய்கிறேன். அவரும் சலிக்காமல் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கு தம்பி என்பார்.

நேற்றும் அப்படித்தான் சொன்னார். போனை வைக்கப் போனவர், சற்று நிறுத்தி...

"கடைசி நம்பர் மட்டும் லேசா மங்கியிருக்கு."