புது ஜாவாவும் ஏழு பழைய கம்ப்யூட்டர்களும்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், செங்கம் சாலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஜாவா என்ற புரோகிராம் மொழிக்கு வாத்தியார். மாணவர்களைவிட எனக்கு ஒரே ஒரு பாடம்தான் ஜாஸ்தியாகத் தெரியும். ஓனருக்கு அதுவும் தெரியாது. ஆனாலும் 'லேட்டஸ்ட் ஜாவா இங்கு மட்டுமே' என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தார். உள்ளே எட்டு கம்ப்யூட்டரிலும் பழைய ஜாவாதான்.

ஒருநாள் ஒரு காலேஜ் பிரின்சிபால் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுசு ஏறியாகணும்பா" என்றார் ஓனர்.

பிரௌசிங் சென்டரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இறக்கினேன். இரண்டு முறை கரண்ட் போய், இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சீடியில் கொண்டுவந்து முதல் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஓனர் மானிட்டருக்கு விபூதி பூசினார். எந்த வெர்ஷன் என்று, கட்டளை அடிக்கும் கறுப்பு விண்டோவில் கேட்டேன். பழைய எண்ணே வந்தது.

"பூஜையே போட்டாச்சு, இன்னும் பழசையே காட்டுதே?"

"செட்டாக டைம் எடுக்கும் சார்" என்றேன், தளம் போட்ட கொத்தனார் மாதிரி.

எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் ஒரு பட்டியல் உண்டு. அதில் பழைய ஜாவாவின் இடம்தான் இருந்தது. புதியது வந்திருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்த்து, புதியதைப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்தேன். மறுபடி கேட்டால் அதே எண். நான்கு முறை அடித்தேன், கடைசி முறை கொஞ்சம் பலமாக.

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்த விண்டோ நீங்க மாத்தறதுக்கு முன்னாடியே திறந்தது, அதுக்குப் பழைய பட்டியல்தான் தெரியும். மூடிட்டு வேற திறந்து பாருங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிக்கொண்டே மூடித் திறந்தேன். புது எண் வந்தது.

ஓனர் கைதட்டினார். "பாத்தியாம்மா? சாருன்னா சாருதான்."

நான் மறுக்கவில்லை.

"மீதி ஏழுலயும் போட்டுடட்டுங்களா சார்?" என்று ஓனரைக் கேட்டேன்.

"எதுக்குப்பா? வர்றவரு உக்காரப்போறது இந்த ஒண்ணுலதானே."

பிரின்சிபால் வந்தார், அந்த ஒன்றைப் பார்த்தார், டீ குடித்தார், பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அனுப்பவும் செய்தார். வந்தவர்கள் பழைய ஜாவாவில் உட்கார்ந்தார்கள். அந்த மாணவி மட்டும் சீடியைக் கேட்டு வாங்கி, தன் சிஸ்டத்தில் தானே மாற்றிக்கொண்டாள், என்னைக் கூப்பிடவில்லை.

வருடக் கடைசியில் எல்லோருக்கும் லேட்டஸ்ட் ஜாவா சர்டிபிகேட் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டது நான்தான், பச்சை மையில்.