கேப்டனின் கண் பரிசோதனை

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு உடல் தகுதிச் சான்று கொடுக்கும் ஒரு கிளினிக்கில், துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில், ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, காது பார்ப்பது, கண் பார்ப்பது எல்லாம் நான். டாக்டர் கையெழுத்து மட்டும் போடுவார். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அன்று பதினொரு மணிக்கு வரவேண்டியவர் ஒரு ரஷ்யக் கேப்டன். கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடும் சர்வே படகு அவருடையது. என் வீட்டுக்காரர் அதில்தான் டெக்கில் வேலை செய்தார். கேப்டனுக்குச் சான்று கிடைக்காவிட்டால் படகை நிறுத்திவிடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. படகு நின்றால் என் வீட்டுக்காரரின் விசா கேன்சல். அவர் சொந்த ஊரான குளச்சலுக்கு, நான் இங்கே. எங்கள் பதினோரு வருடக் கல்யாணத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தது கடைசி இரண்டு வருடம்தான்.

காலையில் நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவர் சொன்னார்: “கேப்டன ஒண்ணும் நோண்டாத, கேட்டியா. பாஸ் பண்ணி விட்டிரு.”

“நல்லா இருந்தா நான் எதுக்கு நோண்டப் போறேன்?”

அவர் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

கேப்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரருக்கு நிறுத்தத் தெரியாது. இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, வடக்கே பனிக்கடலில் முப்பது வருடம் வரைபடம் போட்டவராம். ஒரு குளிர்காலம் முழுக்கக் கப்பல் பனியில் சிக்கிக் கிடந்தது. சும்மா இருக்காமல், பனிமேல் நடந்து துளை போட்டு, கயிறு விட்டு ஆழம் பார்த்திருக்கிறார். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குட்டித் தீவில் முதலில் கால் வைத்தவரும் அவர்தான். அதற்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டார்களாம். அந்தப் பயணத்தில் செத்துப்போன சமையல்காரரின் பெயரை வையுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இப்படிப்பட்ட மனுஷனை நான் ஃபெயில் ஆக்குவதா என்று எனக்கே தோன்றியது.

சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். வெள்ளைத் தாடி, நல்ல உயரம், அழுத்தமான கைகுலுக்கல். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். டாக்டருக்கென்று இருந்த கட்டத்தின் குறுக்கே போட்டார். கட்டம் கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று சந்தேகம் வந்தது.

சிறுநீர் எடுத்துவரக் குப்பியைக் கொடுத்து அனுப்பினேன். சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தேன். மூன்று வருடமாக வருடத்துக்கு ஒருமுறை வந்து இதே அட்டையைப் படித்துவிட்டுப் போனவர். கரையை ஒருதரம் பார்த்தால் மறக்காதவர் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் ஞாபகம் வந்தது. அலமாரியில் இன்னொரு அட்டை கிடந்தது. அதே அளவு, வேறு எழுத்துகள். எனக்கு என்ன கேடு? பார்க்காதமாதிரி இருந்திருக்கலாம். ஆனால் கை அதற்குள் பழையதைக் கழற்றிவிட்டது. புதியதை மாட்டும்போது, மாதாவே, இவர் சரியாகப் படித்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கேப்டன் வந்து உட்கார்ந்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மேல் வரியிலிருந்து ஆரம்பித்தார். தடங்கலே இல்லை. கடைசி வரிவரை கணீரென்று சொல்லி முடித்தார். அத்தனையும் பழைய அட்டை. அவர் சொன்ன வரிகளில் ஒன்றுகூடச் சுவரில் இல்லை.

பேனாவைப் பிடித்தபடி நின்றேன். பேனா ஓடும் சத்தம் கேட்காததை அவர் கவனித்துவிட்டார்.

“அட்டையை மாற்றிவிட்டீர்களா, சிஸ்டர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆமாம், கேப்டன்.”

“பத்து மாதமாக நடுவில் எல்லாம் மங்கல். ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. இந்த வரைபடம் முடிய இன்னும் ஒரு மாதம் போதும். நான் எதையும் பாதியில் விட்டதில்லை.”

பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தேன்.

“உங்கள் கணவர் என் படகில் இருக்கிறார், தெரியும். அவரை இன்னும் ஒரு மாதம் என்னோடு அனுப்புவீர்களா?”

சரி என்று சொன்னால் என் வீட்டுக்காரர் ஊருக்குப் போகாமல் என்னோடு இருப்பார். ஆனால் துறைமுகத்தில் மலைமலையாக நிற்கும் கப்பல்களுக்கு நடுவே அந்தச் சின்னப் படகு போவது கண்ணுக்குள் வந்தது. பேனாவை மறுபடி எடுத்தேன்.

“எழுதுங்கள்” என்றார் கேப்டன். பார்வைத் தகுதி இல்லை என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு டியூட்டி முடிந்து வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். விஷயம் கம்பெனியிலிருந்து அவருக்குப் போயிருந்தது. உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

“எத்தன வரி தப்பு?” என்றார்.

“எல்லாமே. ஒங்களுக்குத் தெரியுமா?”

“பத்து மாசமாத் தெரியும். பக்கத்துல நின்னு நான்தான் சொல்லுவேன், மிதவை எந்தப் பக்கம், கப்பல் எவ்வளவு தூரம்னு. அவரு திருப்புவாரு.”

“பின்ன எப்போ தூங்குவிய?”

“கடல்ல எங்க தூங்க? அவரு முழிச்சிருந்தா நானும் முழிச்சிருக்கணும்லா.”

கடலிலிருந்து வரும்போதெல்லாம் அவர் கண் சிவந்திருக்கும். உப்புக் காற்று என்று நினைத்து, நர்ஸ் நானே சொட்டு மருந்து ஊற்றியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்டுவதற்கு வாயெடுத்துத் திரும்பினால், சீட்டில் தலையைச் சாய்த்து அவர் தூங்கிப்போயிருந்தார். ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. நான் எழுப்பவில்லை.