உள்ளே வர அனுமதி கேட்டது யார்

அனுமதி கோரும் எந்த மனுவிலும் கேட்பவர் பெயரும் கேட்கும் காரணமும் இருக்க வேண்டும்; இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இதுதான் விதி. மீறியவர்களுக்கு மெமோ எழுதியே என் கையெழுத்து கெட்டுப்போனது. ஓய்வுக்குப் பிறகு, உறையூரில் என் சொந்த மேஜையில் அந்த விதிக்கு மறுபடி வேலை வரும் என்று நினைக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியை ஒட்டிய ஒரு சந்தில், என் அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் போன பிறகு என்னோடு வந்துவிடச் சொன்னேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் தூக்கம் வராது என்றாள். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அதனால்தான் கூடத்தில் கேமரா வைத்தோம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் வாங்கியது. கடை ஆளே வந்து பொருத்திவிட்டு, என் வீட்டுக்கும் வந்து, கம்ப்யூட்டர் திரையில் பிரௌசரின் படம் ஒன்றைப் புதிதாக வைத்தார். அதைத் தட்டினால் அக்கா தெரிவாள். இங்கே நான் அம்புக்குறியை அழுத்தினால் அங்கே கேமரா கழுத்தைத் திருப்பும். காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை பார்ப்பேன். அவளுடைய டி.வி. சத்தம் தாங்காது என்பதால் ஒலியை நிறுத்தி வைத்திருந்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெட்டி வர ஆரம்பித்தது. கேமராவைப் பார்க்கத் திறக்கும்போதெல்லாம் திரையின் நடுவில் வந்து நின்று, கம்ப்யூட்டருக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் கேட்டது: வெளியிலிருந்து வரும் இணைப்புகளை இந்த பிரௌசர் ஏற்க அனுமதிக்கலாமா? பிரௌசரின் வேலை வெளியே போய்க் கேட்டதைக் கொண்டுவருவது. கடைக்குப் போகிற ஆள், வாசல் கதவை யாருக்காகத் திறந்து வைக்கச் சொல்கிறான்? தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. மறுத்தேன். மறுநாளும் கேட்டது. நிராகரித்த மனுவை ஒரு எழுத்துகூட மாற்றாமல் மறுபடி போடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் விவரம் தெரியாதவர்கள். மீதிப் பேரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கடை ஆளுக்குப் போன் செய்தேன்.

“எல்லாரும் அலவ்தான் சார் குடுக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் படிச்சுப் பாக்கறீங்க” என்றார்.

அப்போது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன்.

“ஏண்டா, வேற வேலையே இல்லையா உனக்கு? கொஞ்ச நாளா மத்தியானமெல்லாம் என்னையே சுத்திச் சுத்திப் பாக்கறியே.”

மார்க்கெட்டில் இருக்கிறேன் என்றேன்.

“பொய் சொல்லாதே. இப்பத்தானே சமையக்கட்டுப் பக்கம் திரும்பினே? நான் கையைக்கூட ஆட்டினேன்.”

மூட்டை தூக்கி வந்தவர் ஒதுங்கச் சொல்லித் தோளில் இடித்தார். நான் ஒதுங்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அதைத் தொட வீட்டில் வேறு யாரும் இல்லை என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.  அவள், பக்கத்தில் யாரோ நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“இப்ப என்னையே பாக்குதுடா.”

ஸ்டூல் போட்டு ஏறாதே, கீழே பிளக்கைப் பிடுங்கு என்றேன். வெங்காயத்தை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நான் போனபோது, பிளக் பிடுங்கிய கேமரா தரையைப் பார்த்துத் தலை குனிந்திருந்தது. அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். விசாரணை என்றால் எனக்குக் கேள்விகள் தானாக வரும்; கேட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்க மாட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாததால் அவள் கேமராவிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள்.

“கோயிலுக்குப் போயிட்டு வரேன், வர நேரமாகும், சாவி துளசித் தொட்டிக்கு அடியில இருக்குன்னு தினம் சொல்லிட்டுத்தானே போறேன். நீ கேக்கறேன்னுதானே சொன்னேன்?”

நான் கேட்கவில்லை. கேமராவுக்குக் காது இருந்தது. கேட்டது வேறு யாரோ.

தொட்டியை நகர்த்திப் பார்த்தேன். சாவி இருந்தது. அதில் எனக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. எடுத்த சாவியைத் திருப்பி வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பூட்டை அன்றைக்கே மாற்றினோம்.

வீடு திரும்பித் தேடிப் பார்த்தால், என் கம்ப்யூட்டரில் இருந்தது பிரௌசரே இல்லை. அதன் படத்தை மாட்டிக்கொண்டு வேறொரு ஃபோல்டரில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று. அதை வைத்துவிட்டுப் போன ஆள் இப்போது வேலைக்கு வருவதில்லை என்று கடையில் சொன்னார்கள். அவர் போன் அணைந்தே கிடந்தது. போலீசுக்கு ஆன்லைனில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். கேமரா கம்பெனிக்கு நாள், நேரம், இணைப்புகளோடு ஒரு கடிதம் அனுப்பினேன்: அந்த மத்தியானம் என் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? பிறகு நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், மேலதிகாரிக்கு நகலோடு இன்னொன்று. எல்லாம் முறைப்படி.

அக்கா மாறிவிட்டாள். உறையூருக்கு வர இப்போதும் மறுக்கிறாள். ஆனால் எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று யாரிடமும் சொல்வதில்லை, என்னிடமும்தான். போனில் கேட்டால், “போன்லயும் யாராவது இருப்பாங்க” என்று வைத்துவிடுகிறாள். இனி விழுந்தால் பால்காரர்தான்.

கடைசியில் கம்பெனியின் பதில் இன்று காலையில் வந்தது. கேமராவைப் பார்க்க அனுமதி பெற்றவர்கள் இருவர், இரண்டாமவர் கேமரா பொருத்திய அன்றே சேர்க்கப்பட்டவர், அனுமதியில்லாமல் யாரும் நுழையவில்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது. இரண்டாமவர் பெயரைத் தனியுரிமை காரணமாகத் தர முடியாதாம். ஆக, நான் தினம் மறுத்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்குள் வரக் கேட்ட அனுமதியை. அவள் வீட்டுக்குள் முதல் நாளே வந்தாகிவிட்டது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். பூட்டியிருக்கிறது, போன் உள்ளேதான் அடிக்கிறது, எங்கே என்று சொல்லவில்லை என்றார்கள். இன்று வைகுண்ட ஏகாதசி, ஊரே கோயில் வரிசையில் நிற்கும் நாள். சந்துகளில் ஆளே இருக்காது. அக்கா அந்த வரிசையில் நிற்கிறாளா, பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.